பிரீமியம் லென்ஸும் பழுதான விழித்திரையும்

‘பிரீமியம் லென்ஸ்’ என்ற பெயரைக் கண் ஆஸ்பத்திரிகளில் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. லென்ஸை அல்ல, பெயரை. அந்த லென்ஸ் பொருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்து, பஸ் நம்பர் பார்த்து, சந்தோஷமாக இருப்பவர்கள் என் நண்பர்களிலேயே நாலைந்து பேர் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. விழித்திரையில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கும் அதே லென்ஸை ‘இதுதான் சார் உசத்தி’ என்று விற்கிறார்களே, அதோடுதான் என் வழக்கு.

நம் வயசுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அறுபதைத் தாண்டினால் புரை எட்டிப் பார்க்கிறது. எழுபதில் ஆபரேஷன் ஆகாத கண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கூடவே சர்க்கரை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிற்று. சர்க்கரை உடம்பில் குடியேறி வருஷம் ஆக ஆக, அது விழித்திரையில் கை வைக்கும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். சர்க்கரை இல்லாதவர்களுக்கு வயசே அந்த வேலையைச் செய்யும். ஆக, புரை ஆபரேஷனுக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர், பின்னால் இருக்கும் விழித்திரையிலும் ஏதோ ஒரு பழுதோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். முன்னால் புரை மறைத்துக்கொண்டிருக்கும்போது, பார்வை மங்கலுக்கு எல்லாப் பழியும் புரைமேல்தான் விழும்.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நான் முப்பத்தாறு வருஷம் தொலைபேசித் துறையில் லைன் பார்த்தவன். சிக்னலைப் பிரித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸ் கலங்கிப்போவதுதான் புரை. அதை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்ளேயே ஒரு செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். மானோஃபோகல் லென்ஸ், வருகிற வெளிச்சம் முழுவதையும் ஒரே தூரத்துக்கென்று குவிக்கும். தூரப் பார்வைக்கு வைத்தால் தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் அப்படி இல்லை. இன்று அதிகம் போடப்படும் வகையில், கிராமஃபோன் ரிக்கார்டு மாதிரி வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். அந்த வட்டங்கள் வெளிச்சத்தைப் பங்கு போடுகின்றன. தூரத்துக்கு ஒரு பங்கு, கிட்டத்துக்கு ஒரு பங்கு, ‘ட்ரைஃபோகல்’ என்றால் நடுத்தூரத்துக்கும் ஒரு பங்கு. இரண்டு தூரத்துக்குச் சமமாகப் பிரிக்கும் பழைய வகையில் கணக்கு இப்படி: தூரத்துக்கு 41 சதவீதம், கிட்டத்துக்கு 41 சதவீதம், மீதி 18 சதவீதம் எதற்கும் உதவாமல் சிதறிப்போகும். புதிய வகைகளில் பங்கின் அளவு மாறும், பங்கு போடுவது மாறாது. நீங்கள் தெருமுனையைப் பார்க்கும்போது, கிட்டப் பார்வைக்கென்று பிரிந்த வெளிச்சமும் மங்கலாக வந்து அதே படத்தின்மேல் படியும். மூளை அதை ஒதுக்கிவிடப் பழக வேண்டும். நல்ல கண்ணில் பெரும்பாலும் பழகிவிடுகிறது.

கேபிள் டிவி வந்த புதிதில், ஒரே வயரை ஸ்ப்ளிட்டர் போட்டு ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று பிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சிக்னல் பலமாக இருந்த வீட்டில் மூன்று பெட்டியிலும் படம் வந்தது. தெருக்கோடி வீட்டில் மூன்றிலும் மழை பெய்தது. கண்ணில் அந்தத் தெருக்கோடி வீடுதான் பழுதான மாகுலா.

மாகுலா என்பது விழித்திரையின் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம். எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் வேலை. சர்க்கரையால் அங்கே நீர் கோத்துக்கொள்ளலாம். வயசால் அது தேயலாம். அதன்மேல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய சவ்வு படரலாம். எது வந்தாலும் முதலில் அடிபடுவதில் ஒன்று, டாக்டர்கள் ‘கான்ட்ராஸ்ட்’ என்று சொல்லும் திறமை. ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறமை அது. மல்டிஃபோகல் லென்ஸ் குறைப்பதும் அதையேதான். இது எதிர்க்கட்சி கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. லென்ஸ் பெட்டியோடு வரும் கம்பெனியின் சொந்தக் குறிப்பிலேயே, கான்ட்ராஸ்ட் குறையும், இரவில் வண்டி ஓட்டும்போது ஜாக்கிரதை என்று அச்சடித்திருக்கிறார்கள். கண்ணின் பின்பக்க நோயைக் கவனிக்கவும் சிகிச்சை செய்யவும் லென்ஸ் இடைஞ்சலாகக்கூடிய நோயாளிகளுக்கு யோசித்துப் போடும்படி டாக்டர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. அந்தக் காகிதம் ஆபரேஷன் தியேட்டர் குப்பைக்கூடைக்குப் போகிறது. நம் கைக்கு வருவது வழவழப்பான வண்ண நோட்டீஸ்.

விழித்திரை ஒரு வெட்டு வெட்டியாயிற்று, அதற்குமேல் காசு கொடுத்து இன்னொரு வெட்டு. இதற்குப் பெயர் பிரீமியம்!

கான்ட்ராஸ்ட் போனால் என்ன, எழுத்துதான் தெரிகிறதே என்று கேட்பவர்கள் ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு பழைய கோயிலில் படி இறங்கிப் பார்க்கட்டும். கருங்கல் படி, கருங்கல் தரை. ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது கான்ட்ராஸ்ட்தான். அந்தியில் ரோட்டின் நடுவில் படுத்திருக்கும் கறுப்பு நாய், வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்சாதம், ஏ.டி.எம். துப்பும் மங்கல் சீட்டு, எல்லாம் அதே கதை. நம் வயசில் ஒரு படி தவறினால் இடுப்பெலும்பு. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் பார்த்திருக்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரியில் பரிசோதிப்பது எதை? வெள்ளைப் பலகையில் கன்னங்கரேலென்ற எழுத்தை. ஸ்னெல்லன் என்ற டச்சு டாக்டர் 1862இல் செய்த பலகையின் வம்சம்தான் இன்றும் சுவரில் தொங்குகிறது. அதில் கடைசி வரி படித்துவிட்டால் ‘ஆறுக்கு ஆறு, சக்சஸ்’ என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். எழுத்தின் அளவு மாறாமல் வரிக்கு வரி நிறம் மட்டும் வெளிறிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகை என்று ஒன்று 1988இலேயே வந்துவிட்டது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

என் அக்கா வீட்டுக்காரர், நாங்கள் அத்தான் என்று கூப்பிடுபவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது 74. சர்க்கரை இருபது வருஷமாக. வலக்கண் விழித்திரையில் பல வருஷம் முன்பே லேசர் வைத்தவர். இந்தத் தகவல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிற்பாடு நான் கேட்டு வாங்கிப் படித்தேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் மல்டிஃபோகல் வைத்தார்கள். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். இன்சூரன்ஸ்காரன் சாதா லென்ஸின் தொகையை மட்டும் கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். மீதியை நியூ ஜெர்சியில் இருக்கும் பையன் அனுப்பினான். “அப்பாவுக்கு இருக்கறதுலயே பெஸ்ட்டைப் போடுங்க, செலவைப் பத்தி யோசிக்காதீங்க” என்று போனில் சொன்னானாம். பிள்ளைகளின் பாசத்தைவிடப் பெரிய சேல்ஸ்மேன் உலகத்தில் கிடையாது.

முதல் ஆறு மாசம் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி மட்டும் வளையம் வளையமாகத் தெரிகிறது என்றார். பிறகு மாகுலாவில் நீர் கோத்தது. கண்ணுக்குள் ஊசி ஆரம்பித்தது. நீர் வற்றிய பிறகும் பார்வை பழைய நிலைக்கு வரவில்லை. இப்போது பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி, தலைக்குமேல் ஒரு எல்.இ.டி. விளக்கு. “எழுத்தெல்லாம் இருக்கு மாப்ளே. ஆனா மை தீர்ந்துபோன ஜெராக்ஸ் மாதிரி இருக்கு” என்கிறார். நாற்பது வருஷம் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியவர். கான்ட்ராஸ்ட் என்றால் என்ன என்று அவரைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு ஊசி போடும் ரெட்டினா டாக்டரிடம் நான் நேரடியாகவே கேட்டேன். எந்த லென்ஸ் வைத்திருந்தாலும் அந்த நீர் கோத்திருக்கும், அது லென்ஸின் குற்றம் இல்லை என்றார். ஆனால் நீர் கோத்துச் சேதமான பிறகு மிஞ்சிய பார்வையில் இந்த லென்ஸ் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, அதைத் திருப்பி வாங்க முடியாது என்றும் அவரே சொன்னார். லென்ஸை மாற்றலாமே என்றால், பின்பக்க உறையில் லேசர் வைத்துத் திறந்தாகிவிட்டது, இனிமேல் எடுப்பது ஆபத்து என்றார். நாளைக்கு விழித்திரையில் ஆபரேஷன் என்று வந்தால், அந்த வட்டங்களின் வழியாகப் பார்த்துச் செய்வது சாதா லென்ஸ் வழியாகச் செய்வதைவிடச் சிரமம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். லென்ஸ் வைப்பதற்கு முன்னால் இதில் ஒரு வரியாவது அத்தானிடம் யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் என் மனைவிக்கு இடக்கண்ணில் ஆபரேஷன். வேறு ஆஸ்பத்திரி. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எங்களைக் கவுன்சிலர் அறையில் உட்கார வைத்தார்கள். இருபத்தைந்து வயசுப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். லேமினேட் செய்த அட்டை ஒன்றை மேஜையில் வைத்தாள். பேசிக், பிரீமியம், பிளாட்டினம் என்று மூன்று கட்டம். பேசிக் கட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு கிழவி. பிளாட்டினத்தில் கண்ணாடி இல்லாமல் சிரிக்கும் இன்னொரு கிழவி, அவளுக்குப் பட்டுப் புடவை வேறு.

“அம்மாவுக்கு மாகுலா ஸ்கேன் எடுக்கணுமேம்மா?” என்றேன்.

“அது தேவைப்பட்டா டாக்டர் சொல்லுவாங்க சார். நீங்க லென்ஸை செலக்ட் பண்ணிட்டீங்கன்னா இன்சூரன்ஸுக்கு அனுப்பிடலாம்.”

“ஸ்கேன் பாக்காம எப்படிம்மா செலக்ட் பண்றது?”

“எல்லாரும் இப்ப இதைத்தான் சார் போட்டுக்கறாங்க.”

நான் அசையவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து நிமிஷ வேலை, ஊசி இல்லை, வலி இல்லை, லென்ஸ் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. மாகுலாமேல் சவ்வு இருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்த உடனே, “இவங்களுக்கு மல்டிஃபோகல் வேண்டாம் சார், சாதா லென்ஸே போதும்” என்றார். நல்ல மனிதர். ஆனால் யோசித்துப் பாருங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லும் பொருளை, அரைமணி நேரம் முன்னால், அதே கட்டடத்தில், அதே நோயாளிக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அட்டையில் டிக் அடித்து, அட்வான்ஸ் கட்டி, பிள்ளைக்கும் போன் பண்ணிச் சொல்லியிருந்தால், ‘வேண்டாம்’ என்று சொல்வது அந்த டாக்டருக்கும் அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. வரிசை தப்பு. விலைப்பட்டியல் முதலில், விழித்திரை பிறகு என்பது தலைகீழ்.

டாக்டர் நண்பர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். நோயாளிகளே கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்பார்கள். நோயாளி கேட்பது கண்ணாடி இல்லாத வாழ்க்கையை. விழித்திரை கெட்டவருக்கு இந்த லென்ஸ் அந்த வாழ்க்கையைத் தருமா என்று சொல்லவேண்டியவர் டாக்டர். கடைக்காரர் பதிலைச் சொல்வதற்கு எம்.எஸ். படிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. கோளாறு ஆரம்ப நிலையில், அசையாமல் இருந்தால் மல்டிஃபோகல் வைத்தும் திருப்தியாக இருப்பவர்கள் உண்டு, எல்லாரையும் ஒரே அடியாக ஒதுக்குவது அவர்கள் உரிமையைப் பறிப்பது என்கிறார்கள். உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்றைய ஸ்கேனைப் பார்த்து வைக்கும் லென்ஸ், இன்னும் இருபது இருபத்தைந்து வருஷம் கண்ணுக்குள் இருக்கப்போகிறது. விழித்திரை இன்று இருப்பதுபோல் அன்றும் இருக்குமா? சர்க்கரைக்காரருக்கு அந்த உத்தரவாதத்தை யார் எழுதித் தருவார்கள்? அறுபத்திரண்டில் லேசாக இருக்கும் கோளாறு எழுபத்திரண்டில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து, ரெட்டினா டாக்டர் நேரில் உட்கார்ந்து பேசி, அதற்குப் பிறகும் ஒருவர் வேண்டும் என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். அது தெரிந்து எடுத்த முடிவு. அட்டையில் டிக் அடிப்பது அந்த வகையில் சேராது.

‘சாதா லென்ஸ்’ என்று இளக்காரமாகச் சொல்கிறார்களே, அதன் சரித்திரமாவது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து பைலட்டுகளின் கண்ணுக்குள் போன பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பதை, ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை அவர்தான் வைத்தார். பெரிய டாக்டர்கள் பலர் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992இல் ஆரோலேப் என்று ஆரம்பித்து, வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸைச் செய்துகொடுத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடியோடு தடவிக்கொண்டு நடந்த ஒரு தலைமுறைக்குப் பிறகு, கிராமத்துப் பாட்டிகள் முகாம் பஸ்ஸில் போய்விட்டுப் பேரன் முகத்தைப் பார்த்தது இந்த ஒற்றைக் குவிய லென்ஸால்தான். அதைப் ‘பேசிக்’ கட்டத்தில் போட்டு, பக்கத்தில் சோகமான கிழவி படத்தை ஒட்டுகிறார்கள்.

விழித்திரை பழுதானவருக்கு அந்தச் சாதா லென்ஸிலேயே செய்யக்கூடியவை உண்டு. படிப்பதுதான் முக்கியம் என்றால் லென்ஸைக் கிட்டப் பார்வைக்குக் கணக்குப் பண்ணி வைக்கலாம்; புத்தகத்தைக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், தூரத்துக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் போயிற்று. சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் டோரிக் என்ற வகை வெளிச்சத்தைப் பங்கு போடாமலே அதைச் சரிசெய்யும். அதுவும் விலை கூடியதுதான், ஆனால் அந்தக் காசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. என் மனைவி தூரத்துக்கு வைத்துக்கொண்டாள். படிக்க முந்நூறு ரூபாய்க் கண்ணாடி. அதை எங்கே வைத்தாள் என்று வீடு முழுக்கத் தேடுவது என் வேலை. அந்தத் தொல்லையை மறைக்க மாட்டேன்.

நான் கேட்பது அதிகமில்லை. சர்க்கரை உள்ளவர், அறுபது தாண்டியவர், விழித்திரையில் எப்போதாவது லேசரோ ஊசியோ வைத்தவர் யாராக இருந்தாலும், மாகுலாவின் ஓ.சி.டி. ஸ்கேன் ஆகும்வரை விலை அட்டையைக் கண்ணில் காட்டக் கூடாது. புரை மிகவும் முற்றிப்போய் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத கண் அது. அந்தக் கண்ணுக்கு மல்டிஃபோகல் பேச்சே எடுக்கக் கூடாது. கண்நீர் அழுத்த நோய் முற்றியவர்களையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் கான்ட்ராஸ்ட்தான் போகிறது. ரிப்போர்ட்டின் நகல் நோயாளி கையில் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில், கான்ட்ராஸ்ட் குறையும் என்ற வரி தமிழில், நாம் படிக்கக்கூடிய எழுத்தளவில் இருக்க வேண்டும். புரை உள்ளவர் படிக்கவேண்டிய படிவத்தைப் பொடி எழுத்தில் அச்சடிக்கும் புத்திசாலி யார் என்று நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே மல்டிஃபோகல் வைத்துக்கொண்டு, பிறகு விழித்திரைக் கோளாறு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். லென்ஸை மாற்றியே தீர வேண்டும் என்று ஓடவும் வேண்டாம். அந்த முடிவை ரெட்டினா டாக்டரும் புரை டாக்டரும் சேர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஊசியையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் விடாதீர்கள். மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். அத்தான் வீட்டில் நான்தான் ஒட்டினேன், ஹார்டுவேர் கடையில் ஒரு சுருள் போதும். ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் பெயரும் பவரும் போட்டு ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள். அதை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைத்து, ரெட்டினா டாக்டரிடம் போகும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணுக்குள் எந்த லென்ஸ் இருக்கிறது என்று அவர் கேட்பார்.